சும்மா அழறா சார்!

பதினோரு மணி டீ என்பது எங்கள் ஆபீஸில் ஏறக்குறைய சந்தியாவந்தனம் மாதிரி. ஃபைல் நகராவிட்டாலும் டீ நகரும். அந்த டீயைக் கூடத் தொடாமல் பக்கத்து சீட் தம்பி உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? ஒன்று இன்க்ரிமென்ட் வெட்டு, இல்லை வீட்டில் ஏதோ கோளாறு. இன்க்ரிமென்ட்டுக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல சார்."

அப்படியென்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். காத்திருந்தேன். டீயில் ஆடை படிந்த பிறகு சொன்னான். "அவ சும்மா சும்மா அழறா சார்."

தம்பிக்கு முதல் குழந்தை பிறந்து ஐந்து வாரம். மாமியார் வந்து கூட இருக்கிறார். குழந்தை மூன்று கிலோ, சுகப்பிரசவம், செக்ஷன் முழுக்க ஜாங்கிரி சாப்பிட்டாகிவிட்டது. அப்புறம் என்ன அழுகை?

"குழந்தை அழுதா அழறா. சரி, அது நியாயம். தூங்கினாலும் அழறா சார். நேத்து டவல் மடிச்சிட்டிருந்தா, அழறா. என்னம்மான்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கறா."

டீ மேஜையில் நம் தேசத்தின் சகல சாஸ்திர வல்லுநர்களும் இருந்தார்கள். அக்கவுன்ட்ஸ்காரர், "கண்ணு பட்டிருக்கும், மிளகா சுத்திப் போடு" என்று திருவாய் மலர்ந்தருளினார். டெஸ்பாட்ச், "அம்மா வீட்டுக்கு அனுப்பலைன்னு கோபமா இருக்கும்" என்றது. அம்மாதான் இங்கே வந்திருக்கிறாரே என்றால், "அப்ப அதுக்குத்தான் கோபம்" என்றது. இந்த வருஷம் சேர்ந்த டிரெயினிப் பையன் போனைத் தடவிவிட்டு, "ஹார்மோன் சார், தானா சரியாயிடும்" என்றான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பில்லிங் செக்ஷன் அக்கா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரத்துக்கு மேலயே இருக்கும்க்கா."

"அது சும்மா இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றைய டீயில் உருப்படியாக வந்த வார்த்தை அது ஒன்றுதான். ஏனென்று சொல்கிறேன்.

* * *

பிரசவமானதும் நஞ்சுக்கொடி வெளியே வருகிறது. ஒன்பது மாதமாக ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹார்மோன்களைக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்த தொழிற்சாலை அது. ஒரே நாளில் கதவடைப்பு. ரத்தத்தில் அவற்றின் அளவு மளமளவென்று சரிகிறது. தூக்கமும் கிடையாது. தையல் போட்ட இடம் வலிக்கிறது, மார்பு கட்டிக்கொள்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்கள் காரணமில்லாமல் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், மறுபடி அழுகிறார்கள். இதற்கு இங்கிலீஷில் 'பேபி ப்ளூஸ்' என்று ஏதோ பாட்டுக் கச்சேரி மாதிரி பெயர். இதற்கு மருந்து வேண்டாம். ஒரு ஆள் பக்கத்தில் இருந்து, சோறு போட்டு, கொஞ்சம் தூங்கவிட்டால் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். இந்த அளவில் அந்த டிரெயினிப் பையன் சொன்னது சரி.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லையென்றால் அதற்குப் பெயர் வேறு. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. பிடிவாதம், கொழுப்பு, அம்மா வீட்டுச் செல்லம் என்றெல்லாம் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைத் தள்ளிவிடலாம். டைபாய்டு மாதிரி, எலும்பு முறிவு மாதிரி அதுவும் ஒரு நோய். வைத்தியம் உண்டு, குணமும் உண்டு.

வேலூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு ஆராய்ச்சி செய்து 2002-ல் வெளியிட்டார்கள். பிரசவமான பெண்களில் 11 சதவிகிதம் பேருக்குப் புதிதாக இந்த மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்றும் பார்த்திருக்கிறார்கள். வருமானம் குறைவு, பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் சரியில்லை, கைவேலைக்கு உதவ ஆளில்லை. ஹார்மோன் எல்லோருக்கும்தான் சரிகிறது. கீழே பிடித்துக்கொள்ள ஆள் இல்லாதவள் விழுகிறாள்.

அதே 2002-ல் கோவாவிலிருந்து இன்னொரு ஆராய்ச்சி. அங்கே பிரசவமாகி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் 23 சதவிகிதம் பேருக்கு மனச்சோர்வு. ஏறக்குறைய நாலில் ஒருத்தி. இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அப்படி விழுந்தவர்களில் 78 சதவிகிதம் பேர் வயிற்றில் குழந்தை இருக்கும்போதே மனசு சரியில்லாமல்தான் இருந்திருக்கிறார்கள். அதாவது, தபால் முன்னாலேயே வந்துவிட்டது. நாம்தான் பிரிக்கவில்லை.

எப்படிப் பிரிப்போம்? வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணை நாம் கவனிக்கிற அழகு தெரியாதா? ஏழாம் மாதம் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், கன்னத்தில் சந்தனம், ஏழு வகை சாதம். சாப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. செக்கப் அட்டையில் எடை, பி.பி., ரத்தத்தில் இரும்பு, குழந்தையின் துடிப்பு, எல்லாம் எழுதியிருக்கும். வயிற்றின் வடிவத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஜோசியம் சொல்ல தெருவுக்கு நாலு பாட்டி. "ராத்திரி பயமா இருக்காம்மா?" என்று கேட்க மட்டும் ஆள் கிடையாது. அவளாகச் சொன்னாலும், "எல்லாரும்தான் பெத்துக்கறாங்க" என்று ஒரே வாக்கியத்தில் ஃபைலை மூடிவிடுவோம்.

நாம் என்று எழுதுகிறேனே, அதில் முதல் ஆள் அடியேன்தான்.

* * *

1996. எனக்கு இதே கம்பெனியில், இதே சென்னையில் வேலை. தலைப்பிரசவம் என்பதால் சகதர்மிணி மாயவரத்தில் அம்மா வீட்டில். பெண் குழந்தை. தந்தி வராத குறையாக எதிர் வீட்டு டெலிபோனில் செய்தி. சனிக்கிழமை ராத்திரி திருவள்ளுவர் பஸ்ஸைப் பிடித்து, விடிகாலையில் மாயவரத்தில் இறங்கி, ஞாயிறு ராத்திரி மறுபடி பஸ் பிடித்து, திங்கட்கிழமை கசங்கிய சட்டையோடு ரெஜிஸ்தரில் கையெழுத்துப் போடுகிற வாராந்தரத் தகப்பன் நான். போகும்போது இரண்டு டஜன் கமலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவேன். என் கடமை அதோடு முடிந்ததென்று பரிபூரணமாக நம்பினேன்.

மூன்றாவது வாரம் போனபோது வீட்டில் ஒரு மாநாடே நடந்துகொண்டிருந்தது. தலைப்பு: பால் பத்தலை.

மாமியார், மாமியாரின் அக்கா, பக்கத்து வீட்டம்மாள் என்று மூன்று நீதிபதிகள். குழந்தை அழும்போதெல்லாம் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. "பால் பத்தலை, அதான் கத்துது." பூண்டு வேகவைத்துக் கொடுத்தார்கள். சுறாப்புட்டு கொடுத்தார்கள். லேகியம் உருட்டிக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து, குழந்தை குடிக்கிறதா என்று கிரிக்கெட் மேட்ச் மாதிரி பார்த்தார்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

என்னிடம் தனியாக ஒரு நிமிஷம் கிடைத்தபோது சொன்னாள்.

"என்னங்க, நான் நல்ல அம்மா இல்லைங்க."

சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். பிறகு ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். என் அம்மா ஆறு பெற்றாள், ஆறாவது பிரசவத்துக்கு மறுநாளே மாட்டுக்குத் தண்ணி காட்டினாள், இத்யாதி. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பாப்பாவை நல்லாப் பாத்துக்கறவங்க யார்கிட்டயாவது குடுத்துடலாமா?" என்றாள். அதையும் ஜோக் என்றே எடுத்துக்கொண்டேன். "குடுத்துடலாம், ஆரஞ்சு மிச்சம்" என்று பதில் ஜோக் வேறு அடித்தேன். முப்பது வருஷமாக ஜோக் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைவிடக் கேவலமான ஒன்றை இன்றுவரை எழுதியதில்லை.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். கொல்லைக் கதவு திறந்திருந்தது. போய்ப் பார்த்தால் கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இங்கே?"

"உள்ளே புழுக்கமா இருக்கு. காத்தாட வந்தேன்."

கார்த்திகை மாசம். மாயவரத்தில் அன்று போர்வை இல்லாமல் படுக்க முடியாது. எனக்கு அது உறைக்கவில்லை. "பச்சை உடம்பு, குளிர் காத்து ஆகாது, உள்ளே வா" என்று கூட்டிக்கொண்டு வந்து படுக்கவைத்துவிட்டு, மறுநாள் ராத்திரி பஸ் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை ஆடிட்.

அவளைக் காப்பாற்றியது நானில்லை. அவளுடைய பாட்டி. எண்பது வயது, காது பாதி கேட்காது, கைநாட்டு. எல்லோரும் தூங்கிய வீட்டில் அந்தக் கிழவி தூங்கவில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் மூன்று நீதிபதிகளையும் அறையை விட்டு விரட்டியிருக்கிறார். "இனிமே இந்த ரூமுக்குள்ள பால் பேச்சை எவளாவது எடுத்தா விளக்குமாறு" என்பது அவருடைய ஒரு வரி உத்தரவு. அவளுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டார். பால் குடிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் குழந்தை பாட்டி மடியில். "நீ தூங்குடி, நான் இருக்கேன்." இரண்டாவது நாள், ஊரிலிருந்த லேடி டாக்டரிடம் ரிக்ஷாவில் கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வி என் சகதர்மிணிக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"குழந்தை தூங்கறப்பவும் உனக்குத் தூக்கம் வரலையாம்மா?"

வரவில்லை. பதினொரு நாளாக. அதுதான் சூட்சுமம். பிள்ளை அழுதால் தாய் விழிப்பது இயற்கை. பிள்ளை தூங்கி, வீடு தூங்கி, உடம்பு துவண்டு, அப்படியும் கண் மூட முடியவில்லையென்றால் அது களைப்பு இல்லை.

அங்கிருந்து கும்பகோணத்தில் ஒரு மனநல டாக்டர். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? நாளைக்கு இன்னொருத்திக்கு வரன் பார்க்க வேணாமா?" என்று வீட்டில் ஒரு குரல் எழுந்ததாம். பாட்டிக்குத்தான் காது கேட்காதே! மாத்திரை, வாரா வாரம் பேச்சு. நாலு மாசம் ஆயிற்று, அவள் பழையபடி என்னைக் கிண்டல் செய்ய.

கிணற்று மேடையில் காற்று வாங்கத்தான் உட்கார்ந்திருந்தாளா என்று நான் கேட்டது ஒன்பது வருஷம் கழித்து. கரன்ட் போன ஒரு ராத்திரி மொட்டை மாடியில். "இல்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ளே பாப்பா சிணுங்கற மாதிரி இருந்துது, அதான் இறங்காம உட்கார்ந்திருந்தேன்" என்றாள். கரன்ட் வரும்வரை நான் வேறெதுவும் கேட்கவில்லை.

* * *

மூன்று நீதிபதிகளையும் நான் இப்போது குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் பூண்டும் சுறாப்புட்டும் பிரியத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்து பார்த்தார்களே, அங்கேதான் கெட்டது. இதை விஞ்ஞானம் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது.

பால் விஷயத்தில் உடம்புக்குள் இரண்டு உத்தியோகஸ்தர்கள். புரோலாக்டின் என்பவர் புரொடக்ஷன், பாலை உண்டாக்குகிறார். ஆக்ஸிடோசின் என்பவர் டெலிவரி. உண்டான பாலைச் சுரப்பியிலிருந்து பிழிந்து வெளியே அனுப்புகிறார். இந்த டெலிவரி ஆசாமி ரொம்பக் கூச்ச சுபாவம். பயம், வலி, பதற்றம், அவமானம், எது கண்ணில் பட்டாலும் ஷட்டரை இழுத்துவிடுவார். குடோனில் சரக்கு இருக்கும். கடையில் 'நோ ஸ்டாக்' போர்டு தொங்கும்.

1948-ல் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற கணவன் மனைவி இதைச் சோதித்தார்கள். ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒரு தாய். நிம்மதியாக இருந்த நாட்களில் குழந்தை குடித்த பால் சராசரி 168 கிராம். மற்ற சில நாட்களில் அந்த அம்மாவுக்குத் தொந்தரவு கொடுத்தார்கள். என்ன தொந்தரவு என்கிறீர்கள்? ஐஸ் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னார்கள். கால் கட்டை விரலில் துணியைக் கட்டி வலிக்கும்படி இழுத்தார்கள். அப்புறம் மூன்றாவதாக, கணக்குக் கேட்டார்கள்! சடசடவென்று கணக்கு, பதில் தப்பானாலோ தாமதமானாலோ மின்சார ஷாக். அந்த நாட்களில் குழந்தைக்குக் கிடைத்தது 99 கிராம். அதே தொந்தரவோடு ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டபோது 153. ஆக, பால் உள்ளேதான் இருந்தது. தொந்தரவுதான் கதவைச் சாத்தியிருந்தது.

பால் கொடுக்கிற மனைவியிடம் வந்து நின்று, "இந்த மாசம் டயாபர் மட்டும் எவ்வளவு ஆச்சு தெரியுமா?" என்று கணக்குக் கேட்கும் கணவன்மார்கள் மேற்படி ஆராய்ச்சியைச் சம்பளமில்லாமல் தொடர்ந்து நடத்தி வருகிறார்கள் என்பதை இங்கே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய், "நீ டென்ஷன் ஆகறதாலதான் பால் வரலே, டென்ஷன் ஆகாதே" என்று சொல்லிவிடாதீர்கள். டென்ஷன் ஆகாதே என்று சொல்லி டென்ஷன் குறைந்த ஜீவன் இந்தப் பூமியில் இல்லை. ஷட்டர் சாத்துவது அவள் குற்றமும் இல்லை. குழந்தை அடிக்கடி குடித்துக்கொண்டே இருந்தால் சுரப்பு தொடரும். நீங்கள் செய்யவேண்டியது கதவுப் பக்கம் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதுதான். பஸ் ஸ்டாண்டிலேயே தாய்மார்களுக்குத் தனியறை வேண்டும் என்று 2015-ல் தமிழக அரசுக்குத் தோன்றிவிட்டது. நம் வீட்டு ஹாலில் விருந்தாளிகளுக்கு இன்னும் தோன்றவில்லை. முயன்றும் முடியாமல் டாக்டர் சொல்லி டப்பா பால் கொடுக்கிற தாயையும், தயவுசெய்து, கோர்ட்டில் நிறுத்தாதீர்கள்.

* * *

தம்பியை அன்று சாயந்திரம் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கிணற்றுக் கதையைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சார் பண்றது?"

எனக்கு வைத்தியம் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். எடின்பரோ அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1987-ல் உண்டாக்கியது. மொத்தமே பத்துக் கேள்வி. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, வரப்போவதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறதா, எதற்கெடுத்தாலும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாளா, காரணமில்லாத பயம் உண்டா, தூக்கம் எப்படி, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 30. இந்தப் பரீட்சையில் மார்க் குறைய வேண்டும். 10-ஐத் தொட்டாலே கவனம் தேவை. 13-ம் அதற்கு மேலும் வந்தால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். தமிழிலும் இருக்கிறது. நோயைத் தீர்மானிப்பது டாக்டர்தான். இது வாசல் மணி மட்டும். பத்தாவது கேள்வி, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதில் 'எப்போதாவது' என்று பதில் வந்தால்கூட மொத்த மார்க்கைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டர்.

"அதைப் போய் எப்படி சார் கேக்கறது? கேட்டா அந்த எண்ணம் வந்துடாதா?"

எல்லோரும் கேட்கிற கேள்வி. வராது. ஏற்கனவே உள்ளே இருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். நான் 1996-ல் அந்தக் கிணற்றடியில் கேட்டிருந்தால் ஒன்பது வருஷம் முன்னாலேயே பதில் கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னேன், சத்தமில்லாமல். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே புத்தி தடுமாறும். துளித் தூக்கம் இருக்காது. சம்பந்தமில்லாத பேச்சு, யாரோ பேசுவதாகக் குரல், குழந்தையைப் பற்றியே விபரீதமான சந்தேகம். பேய், காத்து கருப்பு என்று வேப்பிலை தேடக்கூடாது. ஹார்ட் அட்டாக்குக்கு ஓடுகிற மாதிரி ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல், இப்படிப்பட்ட தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்து வைத்தியம் பார்க்கும் தனி வார்டு இருக்கிறது. தம்பி வீட்டில் அந்த அறிகுறி எதுவும் இல்லை. பெருமூச்சு விட்டான்.

"மாத்திரை குடுத்தா பாலை நிறுத்தணுமே சார்?"

அதுவும் பாதிப் பேர் நம்புகிற கதை. பாலில் மிகக் குறைவாகவே கலக்கிற மாத்திரைகள் உண்டு; பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். எது, எவ்வளவு என்பது டாக்டர் பாடு. லேசாக இருந்தால் பேச்சு வைத்தியமே போதும் என்பார்கள். டாக்டரிடம் போகத் தயக்கமா? டெலி மானஸ் என்று 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

"அப்புறம், ராத்திரி நீ என்ன பண்றே?"

"ஹால்ல படுத்துக்கறேன் சார். ஆபீஸ் இருக்குல்ல."

மத்திய அரசில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு 15 நாள் லீவ் உண்டு. பிரைவேட்டில் சட்டமே இல்லை. மேனேஜரின் மூடுதான் சட்டம். அம்மாக்களுக்கு 2017 முதல் 26 வாரம். மாதாவுக்கு ஆறு மாசம், பிதாவுக்கு ஹால். "ராத்திரி பத்திலிருந்து ரெண்டு வரைக்கும் நீ டியூட்டி எடு. பாலுக்கு மட்டும் எழுப்பு, மத்ததெல்லாம் நீ. ஒரு நாலு மணி நேரம் அவ முழுசாத் தூங்கட்டும்" என்றேன். சொந்தமாகக் கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். எல்லாம் பாட்டி வைத்தியம்.

எழுந்து போனவன் திரும்பி வந்தான். "சார், எனக்கே ராத்திரியெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. சொல்ல வெக்கமா இருக்கு." பத்து அப்பாக்களில் ஒருவருக்கும் இந்தச் சோர்வு வருவதாக 2010-ல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். "டாக்டர்கிட்ட போறப்ப நீயும் வாயைத் திற" என்றேன்.

* * *

அடுத்த வாரம் நிலவரம்: அவளுக்கு மார்க் 14. பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம். டாக்டரைப் பார்த்தாயிற்று. ஆண்பிள்ளை ராத்திரியில் தூளி ஆட்டுவதைப் பார்த்து மாமியார், "அக்கம்பக்கத்துல பார்த்தா என்ன நினைப்பாங்க மாப்பிள்ளே" என்று வருத்தப்பட்டாராம். "ராத்திரி ரெண்டு மணிக்கு எவன் அத்தை பாக்கறான்" என்றானாம். பையன் தேறிவிடுவான்.

ஒரு மாசம் கழித்து ஒரு நாள் பதினோரு மணி டீக்கு முதல் ஆளாக வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"சார், நேத்து என்னைத் திட்டினா சார்!"

"எதுக்கு?"

"டயாபரை முன்னே பின்னே மாத்திப் போட்டுட்டேன். 'படிச்சவன்தானே நீ'ன்னு கேட்டா சார். அப்படியே பழைய மாதிரியே கேட்டா!"

அக்கவுன்ட்ஸ்காரருக்குப் புரியவில்லை. பொண்டாட்டி திட்டியதற்கு எவனாவது செக்ஷனுக்கே சமோசா வாங்குவானா என்றார். பில்லிங் அக்கா இரண்டு எடுத்துக்கொண்டார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் சகதர்மிணியிடம் கொடுத்தேன். அவள் கதை, அவள் சரியென்றால்தான் போகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை நிதானமாகப் படித்தாள். கிணறு வந்த இடத்தில் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"போடுங்க. ஆனா ஆரஞ்சு ரெண்டு டஜன் இல்லை, ஒரு டஜன். அதுலயும் ரெண்டு அழுகல்."